வேலிக்கு அப்பால் இருப்பவர்: பகைமை பற்றி ஒரு பாடம்



கடந்த மாதம் ஆலய மண்டபத்தில் அன்னதானத்துக்காக நாம் வரிசையில் நின்றபோது ஒரு பேச்சு காதில் விழுந்தது. "இப்ப வாற ஆக்களாலைதான் ஊர் கெட்டுப்போச்சு. வாடகையும் ஏறிப்போச்சு, எங்கட பிள்ளையளுக்கு வேலையும் இல்லை." சொன்னவர் எம்மைப் போலவே அகதியாக வந்தவர். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நாமும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பின்னரே அந்த மௌனம் மனதை உறுத்தியது. அதுவே இக்கட்டுரையை எழுதக் காரணமாயிற்று.

1. இந்த ஊரின் பழைய கதை

யூனியன்வில் அடங்கிய மார்க்கத்தில் இத்தகைய பேச்சு புதியதல்ல. 1995இல் துணை மேயராக இருந்த கரோல் பெல், சீன மக்கள் ஓரிடத்தில் பெருகுவதால் பழைய குடிகள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்ற கருத்துப்படப் பேசினார். சீனக் கனேடியர்கள் அதை எதிர்த்து நகரசபைக்குச் சென்றார்கள். சீனர் அல்லாதவர்களும் அவர்களுடன் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சுற்றியுள்ள நகரங்களின் மேயர்களும் கூட்டாகக் கண்டித்தார்கள். இன்று சீன வம்சாவளியினரே மார்க்கத்தின் மிகப் பெரிய சமூகம். ஊர் கெட்டுப்போகவில்லை. எமது வியாபாரங்களும் ஆலயங்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தன.

பதினைந்து ஆண்டுகளின் பின் அதே பேச்சு எம்மை நோக்கி வந்தது. 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களுடன் 'சன் சீ' கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தபோது, 'வரிசையைக் குழப்பி வந்தவர்கள்' என்று பலர் ஏசினார்கள். அந்தச் சொல் எப்படிச் சுட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2. எமது பேரேட்டின் மறுபக்கம்

கணக்கியலில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பற்றும் உண்டு, வரவும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பரீட்சை மீதி ஒருபோதும் சமப்படாது. நாம் 1983 ஆடி மாதத்தை எழுதி வைத்திருக்கிறோம். அது எழுதப்படத்தான் வேண்டும். அதே நாட்களில் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களையும் எழுத வேண்டும்.

இன்னும் கடினமான ஒரு பதிவு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அப்போது எமக்குப் பத்து வயது. எமது பாடசாலைக் காற்சட்டையைத் தைத்துத் தந்தவர் சோனகதெருத் தையற்காரர் ஒருவர். அவர் எங்கே போனார் என்று கேட்டதற்கு, "உதெல்லாம் கதைக்காதை" என்று வீட்டுப் பெரியவர்கள் வாயடைத்தார்கள்.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சுடன் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழையில் அந்த வீதியில் நின்றபோதுதான் தையற்காரரின் நினைவு எமக்கு வந்தது.

கட்டளையிட்டவர்களிடம் ஆயுதம் இருந்தது. அன்று எதிர்த்துப் பேசுவது இலகுவல்ல. ஆனால் அச்சமின்றிப் பேசக்கூடிய இந்த நாட்டில் இத்தனை ஆண்டுகள் காத்த மௌனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? எமக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லும் உரிமை, எம்மவர் பெயரால் நடந்த அநீதியையும் ஏற்றுக்கொள்ளும்போதுதான் வலுப்பெறுகிறது.

3. பகைமை எவ்வாறு குறைகிறது?

ஹார்வார்ட் பல்கலைக்கழக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் இதற்கு ஒரு விடை தந்தார். இரு சமூகத்தவரும் சும்மா அருகருகே வாழ்ந்தால் போதாது. நான்கு நிபந்தனைகள் கூடிவர வேண்டும்:

அ. இரு தரப்பும் சம நிலையில் சந்திக்க வேண்டும்.
ஆ. பொதுவான ஒரு நோக்கம் வேண்டும்.
இ. அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும்.
ஈ. தலைவர்களும் நிறுவனங்களும் அதை ஆதரிக்க வேண்டும்.

2006இல் பெற்றிகுரூ, ட்ரொப் என்ற இரு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பழக்கம் கூடக் காழ்ப்பு குறைவதே பொதுப் போக்கு என்றும், இந்நிபந்தனைகள் அமைந்தால் பயன் மேலும் அதிகம் என்றும் கண்டார்கள்.

இந்த அளவுகோலால் எம்மை அளந்து பார்ப்போம். சீன அயலவருக்குக் கையசைக்கிறோம். அவர் பெயர் தெரியாது. முஸ்லிம் கடையில் இறைச்சி வாங்குகிறோம். அவர் புத்தளம் முகாமில் வளர்ந்தவரா என்று கேட்டதில்லை. அருகருகே இருக்கிறோம், ஆனால் சேர்ந்து ஒன்றும் செய்வதில்லை.

4. நாம் செய்யக்கூடியவை

உணவு வங்கிக்கு நாம் தனியே சேர்க்கும் அரிசியையும் பருப்பையும் அயலிலுள்ள பள்ளிவாசலுடனும் தேவாலயத்துடனும் சேர்ந்து சேர்க்கலாம். ஆல்போர்ட் சொன்ன நான்கும் அதில் அடங்கும். புதிதாக வந்த மாணவர்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்ப உதவலாம். அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. எமது தொழிலில் இது ஒரு மாலைப்பொழுது வேலைதான். தொலைபேசியில் வரும் வெறுப்புச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவது இன்னும் இலகு.

எல்லாவற்றுக்கும் முதலாவதாக, அடுத்த முறை அன்னதான வரிசையில் அப்படியொரு பேச்சு எழுந்தால், "அண்ணை, நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள்?" என்று பணிவாகக் கேட்போம். சண்டை வேண்டாம்; அந்த ஒரு கேள்வி போதும்.

வீட்டில் பிள்ளைகளுடன் பேச: எமது குடும்பத்தை ஆபத்தில் காத்த வேற்று இனத்தவர் யார்? நாம் யாருக்காகப் பேசாமல் இருந்தோம்?

சிந்திப்போம், செயற்படுவோம்.