பொன்னியின் செல்வனில் மன்னிப்பு

ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் நண்பர்களுக்குத் திருமலை சமணக் கோயில் தெரிந்திருக்கும். அங்கே குந்தவை ஜினாலயம் இருக்கிறது. குந்தவை என்பது கல்கி உண்டாக்கிய பெயர் அல்ல. ராஜராஜ சோழனின் அக்காள் அவர்.

1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வந்தியத்தேவனின் வீரத்துக்காகவும் காதலுக்காகவும்தான் பெரும்பாலும் படிக்கிறோம். ஆனால் ஐந்து பாகத்தையும் படித்து முடித்தால், ஒரே குடும்பத்துக்குள் நடந்த தவறுகளை எப்படித் தீர்ப்பது என்பதே கதை என்று தெரியும்.

சரித்திரத்தில் அது தீர்ந்த விதம் வேறு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அதில் ரவிதாசன் முதலான துரோகிகளின் நிலம் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகள், மாமன்மார், பெண் கொடுத்தவர்கள் வரை எல்லோருடைய நிலமும் சேர்ந்து போகிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். அண்ணன் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் கணக்கு மறக்கவில்லை!

கல்கி அந்தக் கொலைக்குப் பின்னால் பழைய பாவம் ஒன்றை வைக்கிறார். வாலிபத்தில் தீவில் ஒதுங்கிய சுந்தர சோழர் மந்தாகினியை நேசித்தார். இளவரசுப் பட்டம் வந்ததும் அவள் கைவிடப்பட்டாள். கடலில் குதித்து இறந்துவிட்டாள் என்று நம்பி, அவளை ஆவியாக நினைத்து ராஜா நடுங்குகிறார். அவள் பிழைத்தது தெரிந்தும் முதன்மந்திரி அநிருத்தர் சொல்லாமல் மறைக்கிறார். (இதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. சொல்லியிருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.) கடைசியில் ராஜாவின் மேல் வந்த வேலைத் தன் உடம்பில் வாங்கி அவள் சாகிறாள்.

மன்னிக்க வேண்டியவளைக் கல்கி ஊமையாகப் படைத்தார் என்பதைக் கவனியுங்கள். ‘மன்னித்தேன்’ என்று அவள் வாயால் சொல்லவே முடியாது. செய்கையில்தான் காட்ட வேண்டும். படிக்கிறபோது தொண்டை அடைக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தப்பு செய்தது அரண்மனை, உயிர் கொடுத்தது காட்டுப் பெண். இதில் ராஜா என்ன கொடுத்தார்? அந்த வகையில் பெரிய பழுவேட்டரையரே மேல். தன் குற்றத்தைச் சபையில் ஒப்புக்கொண்டு தண்டனையையும் தானே ஏற்கிறார்.

நந்தினி மன்னிக்கவில்லை. அவள் கெஞ்சியும் கேளாமல் வீரபாண்டியனைக் கரிகாலன் வெட்டினான். அதை அவள் விடவே இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

அருள்மொழி விட்டுக்கொடுத்ததற்கு ஆதாரம் உண்டு. சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை அவர் ராஜ்யத்தை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அந்தச் செய்தியை வைத்தே கல்கி ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகர’த்தைக் கட்டினார். பட்டாபிஷேக மண்டபத்தில் அருள்மொழி தனக்கு வந்த கிரீடத்தை எடுத்து, பூக்கட்டிப் பிழைத்த சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார்.