சூறைக்குருவிகளைக் கணக்கிடும் முறை

பனிக்காலத்தில் உசிலம்பட்டிப் பகுதிச் சோளக்கொல்லைகளில் இறங்கும் சூறைக்குருவிகளை உழவர்கள் நன்கறிவர். சோளப்பட்சி என்றும் சொல்வதுண்டு. கருந்தலையும் இளஞ்சிவப்பு முதுகும் உடைய இவை, மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் நாட்டிற்கு வருபவை. கதிரைக் கொத்துவது உண்மையே. வெட்டுக்கிளிகளைத் தின்பதும் உண்மையே. சீனத்தின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியை ஒடுக்குவதற்காக, 1980-களில் இவற்றிற்குக் கூடுகளே அமைத்துக் கொடுக்கத் தொடங்கினர்!

கண்மாய்க் கருவேலமரங்கள் போனால் இவற்றின் அடைவிடமும் போகும். ஆதலின், மரங்களை ஏலம் விடுமுன், அங்கு அடையும் பறவைகளைப் பஞ்சாயத்தார் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ‘ஆயிரக்கணக்கில்’ என்பது கணக்காகாது.

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கரையில் நிற்க வேண்டும். முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அவை வானில் அடைக்கும் இடத்தைக் கண்ணில் பதித்துக்கொள்க. அதே அளவைக்கொண்டு நூறை மதிப்பிட்டு, பின்னர்க் கூட்டம் முழுவதையும் நூறு நூறாக அளக்கலாம். களத்து நெல்லை மரக்காலால் அளப்பது போன்றதே இது. திசைக்கு ஒருவராக நின்று, உள்ளே வருபவற்றை மட்டும் குறிக்க வேண்டும். அடைந்தபின் மீண்டும் எழுந்து சுழலும் கூட்டத்தையும் சேர்த்தால் தொகை பெருகிவிடும். நாம் முதலில் செய்த பிழை இதுவே. அடர்ந்த கூட்டத்தையோ கண் பெரும்பாலும் குறைத்தே மதிக்கும். எனவே ஒரு மாலையோடு நில்லாமல், மூன்று மாலைகள் எண்ணி, நாளும் நேரமும் தொகையும் பஞ்சாயத்துக் குறிப்பேட்டில் பதிந்து, ஏலம் பேசும் கூட்டத்தில் அதனை வைத்திடுக.