தங்கம் வாங்கும்போது பெயரும் அடையாளமும்

நம் இல்லங்களில் நிகாஹ் பேசி முடிந்ததும் அடுத்த காரியம் நகைக்கடைக்குப் போவதுதான். நகையைத் தேர்ந்தெடுத்து, எடை பார்த்து, செய்கூலி சேதாரம் பேசி முடிக்கும் வரை எல்லாம் சுமுகமாக நடக்கும். "பில்லை யார் பேரில் போடட்டும்? பான் அட்டை இருக்கிறதா?" என்று கேட்டவுடன் முகங்கள் மாறிவிடுகின்றன. சிலர் பயந்து போகிறார்கள். சிலர், "எஸ்டிமேட் சீட்டு போதும், பில்லே வேண்டாம்" என்கிறார்கள். வேறு சிலர் கூட வந்த மைத்துனர் பெயரையும் மாமியார் பெயரையும் சொல்லி, ஒரே நகைக்கு மூன்று ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். இவற்றில் எது ஆகும், எது ஆகாது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்வது நலம். பயத்தில் பாதி அறியாமையால் வருவது. நம் நாட்டில் 2016 ஜனவரி 1 முதல், ஒரே தடவையில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கினால் பான் எண் தர வேண்டும் என்ற விதி வந்தது. பான் இல்லாதவர் அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். 2017 ஏப்ரல் 1 முதல், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது கடைக்காரருக்குத் தடுக்கப்பட்டது. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அவருக்கு அபராதம். இரண்டு லட்சத்துக்கு உட்பட்டு ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரிடம் பானோ ஆதாரோ கட்டாயமில்லை என்பதை 2021 ஜனவரியில் மத்திய நிதியமைச்சகம் விளக்கியது.

2016-ன் தொடக்கத்தில் சென்னையில் சவரன் ஏறத்தாழ 20,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்குப் பத்து சவரன் கிடைத்தது. 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் இரண்டரை சவரன் வாங்கினாலே வரம்பு கடந்துவிடும். பத்தாண்டுகளில் விலை ஏறியது, வரம்பு ஏறவில்லை. முன்பு வசதியுள்ளவர்களிடம் கேட்ட கேள்வியை, சீட்டுப் போட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பத்திடமும் கேட்க வேண்டியதாயிற்று. அடையாளம் கேட்பதால் நம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

பெரியவர்களின் அச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1968-ம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம். அச்சட்டம் 1990-ல் நீக்கப்பட்டது. ஆனால் அதன் நிழல் இன்னும் வீடுகளில் இருக்கிறது. "கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம்தான் அனுமதி" என்று பேசிக்கொள்வதும் தவறான புரிதலே. வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை உள்ள நகைகளைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994-ல் அதிகாரிகளுக்கு இடப்பட்ட அறிவுரை அது. உடைமைக்கு விதித்த உச்சவரம்பு அல்ல. வந்த வழியைக் காட்ட முடிந்தால் அதற்கு மேலும் வைத்திருக்கலாம்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஒருவர் தம் செல்வத்தை ஊராருக்குக் காட்டாமல் மறைத்து வைப்பது குற்றமல்ல. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை 49-வது அத்தியாயத்தில் தடுக்கிறது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழைவதை 24-வது அத்தியாயத்தில் தடுக்கிறது. தர்மத்தைக்கூட மறைவாகக் கொடுப்பதை மேலானதாகச் சொல்கிறது. ஆகவே "என் வீட்டில் எத்தனை சவரன் இருக்கிறது என்று பிறர் அறிய வேண்டாம்" என்று எண்ணுவதில் தவறேயில்லை. ஆனால் மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. மறைக்கிறவர் வாய் திறக்காமல் இருக்கிறார். பொய் சொல்கிறவர் இல்லாததை இருப்பதாக எழுதிக் கொடுக்கிறார். மைத்துனர் ஒரு காசும் தரவில்லை, நகையும் அவருக்கில்லை; அவர் வாங்கினார் என்று ரசீது சொல்கிறது. அவருடைய பான் எண்ணில் அது பதிவாகிறது. நாளை கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்தார் என்பதால் பொய் உண்மையாகிவிடாது. அவருக்குத் தெரியாமல் செய்தால் அது பொய்யோடு அநியாயமும் ஆகும்.

உலக வழியிலும் இதனால் பயன் இல்லை. ஒரே நாளில் ஒருவரிடம் வாங்கும் ரொக்கம், ஒரே வியாபாரத்துக்கான ரொக்கம், ஒரே வைபவத்துக்காக வாங்கும் ரொக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே சட்டம் பார்க்கிறது. ஒரு கல்யாண நகையை மூன்று நாளாகப் பிரித்தாலும் அது ஒரே கல்யாணம்தான்.

பில்லே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று சதவீத வரி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு, மாற்றுக் குறைந்தது என்று எந்தக் கடையில் போய் வழக்காட முடியும்? 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமுள்ள தங்க நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறித்தே விற்க வேண்டும். இதுவும் ஓர் அடையாளச் சோதனைதான், ஆளுக்கல்ல, நகைக்கு.

ரசீதினால் ஜகாத்துக்குக் கிடைக்கும் உதவியைப் பலர் எண்ணுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் பெண்கள் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமான முறையில் அணியும் நகைக்கு இல்லை, சேமிப்பாக வைத்திருக்கும் கட்டிக்கும் காசுக்கும் உண்டு. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும் ஜகாத் கொடுக்க வேண்டியவருக்கு மூன்று விவரங்கள் தேவை: கல் நீக்கிய எடை, மாற்று, கைக்கு வந்த தேதி. மூன்றும் ரசீதில் இருக்கின்றன. வெள்ளிக் கொலுசு, குத்துவிளக்கு, கிண்ணம் என்று ரசீதில்லாமல் சேர்ந்த வீட்டில் இருநூறு திர்ஹம் எடை எப்போது நிறைந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதைவிடப் பெரியது பெண்ணின் உரிமை. மஹராகக் கொடுத்த நகை அவளுக்கே சொந்தம். கணவர் இறந்தால் அது அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேராது. ஆனால் ரசீது கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்து, கொடுத்ததற்கு எழுத்தும் இல்லையென்றால், "அணிந்துகொள்ளத்தான் கொடுத்தோம்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். இத்தா முடியும் முன்பே அலமாரிச் சாவியைக் கேட்கும் வீடுகளும் உண்டு. பணம் கொடுத்தவர் பெயரிலேயே ரசீது இருக்கட்டும், அதுதான் உண்மை. அத்துடன், இன்ன நகை, இத்தனை கிராம், மஹராகக் கொடுக்கப்பட்டது என்று ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் எழுதி, ரசீதின் நகலைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட வேண்டும். திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின் போதோ, பின்போ பெண்ணுக்கு வந்த பொருள்கள் விவாகரத்தானால் அவளுக்கே உரியவை என்று 1986-ம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டமும் கூறுகிறது. எழுத்தில்லாமல் அந்த உரிமையை நிலைநாட்டுவது எளிதல்ல.

பழைய நகையை மாற்றும்போது நேர் எடைக்கு நேர் எடை இல்லாமல் தங்கத்துக்குத் தங்கம் மாற்றுவது வட்டியாகும். மட்டமான பேரீச்சையை இரு மடங்கு கொடுத்து உயர்ந்ததை வாங்கிய பிலால் (ரலி) அவர்களிடம், முதலில் உள்ளதை விற்று, அந்தக் கிரயத்தைக் கொண்டு வேண்டியதை வாங்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். பழையதை விற்றுப் பணத்தைக் கையில் பெற்ற பிறகு புதியதை வாங்குவதே வழி. விற்கும்போதும் கடைக்காரர் அடையாளம் கேட்பார். கோபப்படாதீர்கள். திருட்டு நகை கடை ஏறாமல் தடுப்பது அந்தக் கேள்விதான். நம் வீட்டு நகை திருடு போனாலும் அதே கேள்விதான் திருடனைத் தடுக்கும்.

சரி, கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பான் எண் தேவையான இடத்தில் பான் எண் போதும். அதற்கு மேல் ஆதார் நகல், பிறந்த நாள், மண நாள், வீட்டில் எத்தனை பெண் மக்கள் என்றெல்லாம் கேட்பது வியாபார விளம்பரத்துக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதார் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் இருக்கிறது, அதைக் கொடுக்கலாம். நகல் கொடுத்தால் அதன் குறுக்கே எந்தக் கடைக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முகத்திரை அணியும் சகோதரிகள் அட்டையிலுள்ள படத்துடன் முகத்தை ஒத்துப் பார்க்கப் பெண் ஊழியரைக் கேட்கலாம். கொடுக்கல் வாங்கலுக்குத் தேவையான அளவு முகம் பார்ப்பதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கவே செய்கின்றன. மணப்பெண் நகையணிந்து பார்ப்பதைக் கடைக்காரர் படம் பிடித்து விளம்பரத்தில் போடுவது மட்டும் எந்தக் கட்டாயத்திலும் சேராது. தயங்காமல் மறுத்துவிடுங்கள். பான் எண்ணைச் சொல்ல அஞ்சுகிற நாம், வாங்கிய நகையைத் தட்டோடு படமெடுத்து உறவினர் கைப்பேசிகளுக்கெல்லாம் அனுப்பி வைப்பதும் விந்தைதான்.

இன்றைய ரசீதுகள் பல, சூட்டில் அச்சாகும் தாளில் வருகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வீட்டுக்கு வந்த அன்றே நகலெடுத்து, நகை யாருக்கு உரியது என்று அதன் பின்புறம் எழுதி வையுங்கள். பாட்டி காலத்து நகைகளுக்கு ரசீது இருக்காது. எடை போட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று குறித்து, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.