சுவரும் குரலும்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். சுவருக்கு வாயும் உண்டு என்பதை நான் சென்ற ஆண்டுதான் கற்றுக்கொண்டேன்.

நம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயிலும் என் நண்பர் பார்வையற்றவர். பாடங்களைப் பிறர் படிக்கக் கேட்டே தேர்வுக்கு ஆயத்தமாகிறவர். அவருக்காக நன்னூல் பாடங்களைப் பதிவு செய்து தருவதாக வாக்களித்தேன். செங்கற்பட்டில் நான் தங்கியிருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் படித்துப் பதிவு செய்தேன். மறுநாள் நண்பர் கேட்டார்: “கிணற்றுக்குள் இருந்தா படித்தாய்? நீ ‘பாடு’ என்கிறாயா, ‘பாட்டு’ என்கிறாயா என்றே தெரியவில்லை. வல்லினம் மிகும் இடங்களைச் சொல்லும் பாடத்தில் வல்லினமே கேட்காவிட்டால் நான் எதை எழுதுவது?”

தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. இயற்பியல் மாணவனாகிய எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

குற்றவாளி யார்?

‘பாட்டு’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலண்ணத்தை ஒட்டி நிற்கும் ஒரு கணம் ஒலியே இல்லை. அந்தச் சிறு மௌனமே எழுத்து இரட்டித்ததைக் காதுக்கு உணர்த்துகிறது. முன்னே ஒலித்த ‘பா’வைச் சுவர்கள் திரும்பத் திரும்ப எறிந்து அந்த மௌனத்தை நிரப்பிவிட்டால் ‘பாட்டு’ தன் அடையாளத்தை இழக்கிறது. இதுவே எதிர்முழக்கம். தனித்துக் கேட்பது எதிரொலி. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இழுபடுவது எதிர்முழக்கம். ஒலி நின்றபின் அதன் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் காலத்தை எதிர்முழக்க நேரம் என்பர்.

இத்தொல்லை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இருந்தது. அங்குள்ள ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. 1895இல் வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியலாளர் இதை ஆராயத் தொடங்கினார். இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளிது: அறையின் கன அளவை 0.16 ஆல் பெருக்கி, அறையின் மொத்த உட்கவர்ச்சியால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். திறந்த சன்னலில் சென்ற ஒலி திரும்பாது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னலே உட்கவர்ச்சிக்கு அலகு.

என் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 36 கன மீட்டர். உட்பரப்பு 66 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் மொசைக் தரையும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கே விழுங்கும். மொத்த உட்கவர்ச்சியை 2 அலகு எனக் கொண்டால், எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 3 விநாடி! பேச்சைப் பதிவு செய்ய அரை விநாடிக்கு மேல் ஆகாது. சபைன் விதி சிறிய அறைகளுக்கு அத்தனைத் துல்லியமாகப் பொருந்தாது எனினும், நோயின் அளவைக் காட்ட இக்கணக்குப் போதும்.

முதல் மருந்து: விழுங்குதல்

இலவம்பஞ்சு மெத்தைகள், மடித்த போர்வைகள், பழந்துணி திணித்த கோணிப்பைகள் என 15 சதுர மீட்டர் அளவுக்குச் சேர்த்தேன். உட்கவர் எண் 0.6 எனக் கொண்டால் 9 அலகு. பழைய 2 அலகோடு 11. நேரம் அரை விநாடியாகிறது. எங்கே மாட்டுவது என்பதற்கும் ஒரு வழி உண்டு. வாய் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கை வைத்து, ஒலிவாங்கி இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். நண்பர் ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திச் செல்லட்டும். விளக்கு கண்ணாடியில் தெரியும் இடமே குரல் முதன்முதல் பட்டுத் திரும்பும் இடம். அங்கே மெத்தை வேண்டும். பஞ்சும் துணியும் எளிதில் தீப்பற்றும். மின்கம்பிக்கும் சுவிட்சுக்கும் அருகே அவற்றை வைக்கலாகாது.

முட்டை அட்டைகளை ஒட்டினால் போதும் என்று சிலர் கூறினர். அவை மெல்லியவை, பேச்சொலியின் பெரும்பகுதிக்கு அவற்றால் பயனில்லை. வெளியே செல்லும் இரயிலின் ஓசையையும் மெத்தை தடுக்காது. அதற்குக் கனத்த சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். நானோ, இரயில் கடக்கும்வரை படிப்பதை நிறுத்திக் கொண்டேன்.

இன்னொரு குறை எஞ்சியது. என் குரலில் சில எழுத்துகள் ‘கும்’ என்று முழங்கின. நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் எனில், 58 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 117 ஹெர்ட்ஸிலும் நிலை அலைகள் தோன்றும். அகலமும் உயரமும் சமமாதலால் அவை இரட்டிக்கும். 117 ஹெர்ட்ஸ் ஆண்குரலின் எல்லைக்குள் வருவது. அதன் அலைநீளம் 3 மீட்டர். மெல்லிய திரை அதனை என்ன செய்யும்? ஆகவே தேங்காய் நாரும் பழந்துணியும் அடைத்த மூட்டைகளை அறையின் மூலைகளில் அடுக்கினேன். முழக்கம் குறைந்தது.

இரண்டாம் மருந்து: சிதறடித்தல்

புதிய பதிவைக் கேட்ட நண்பர், “எழுத்து தெரிகிறது, ஆனால் போர்வைக்குள் முகம் புதைத்துப் படிப்பதுபோல் இருக்கிறது. அரை மணிக்குமேல் கேட்க முடியவில்லை” என்றார். துணி உயர் அதிர்வெண்களையே மிகுதியாக விழுங்குகிறது. குரலின் ஒளி போய்விட்டது.

அந்த ஞாயிறன்று இருவரும் மாமல்லபுரம் சென்றோம். ஒரு குடைவரை மண்டபத்துள் நண்பர் கைதட்டினார். ஒலி விறைப்பாகத் திரும்பியது. அர்ச்சுனன் தபசுப் பாறையருகே தட்டியபோது அந்த விறைப்பு இல்லை. திறந்தவெளி ஒரு காரணம்; துருத்தி நிற்கும் யானைகளும் உள்வாங்கிய பிளவும் நிறைந்த பாறை முகம் மற்றொன்று. சிற்பிகள் ஒலியை எண்ணிச் செதுக்கினர் என்று நான் சொல்லவில்லை. ஒலி தன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மேடுபள்ளங்களில் சிதறும் என்பதே செய்தி.

கடற்கரையில் பாடம் முழுமையாயிற்று. மணற்சரிவில் ஏறிய அலை வலுவிழந்து அடங்குகிறது, இது உட்கவர்தல். நேர்ச்சுவரில் மோதினால் அப்படியே திரும்பும், இது எதிரொளிப்பு. கடற்கரைக் கோயிலைக் காக்க இட்ட பாறைக் குவியலில் மோதுவதோ பல துண்டாக உடைந்து பல திசையில் தெறிக்கிறது, இது சிதறல்.

ஜெர்மானிய இயற்பியலாளர் மான்பிரட் ஷ்ரோடர் 1970களில் இச்சிதறலுக்கு எண் கணிதத்தில் வழி கண்டார். 0 முதல் 6 வரை எண்களின் வர்க்கங்களை 7ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 0, 1, 4, 2, 2, 4, 1. இந்த விகிதத்தில் ஆழமுள்ள பள்ளங்கள் ஒலியைப் பல திசைக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடும். 500 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால், அலைநீளமாகிய 70 செ.மீ.யை 14ஆல் வகுக்க 5 செ.மீ. ஆகவே ஆழங்கள் 0, 5, 20, 10, 10, 20, 5 செ.மீ. ஒவ்வொரு பள்ளத்தின் அகலம் 7 செ.மீ. தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பலகைகளில் இரண்டு செய்து, பின்சுவரின் மெத்தையை எடுத்துவிட்டு அங்கே நிறுத்தினேன். மிக அருகே அமர்ந்தால் இதன் பயன் தெரியாது. ஒன்றிரண்டு மீட்டர் விலகல் வேண்டும். பலகை கிடைக்காதவர்கள், முன்பின்னாக நூல்களை அடுக்கிய புத்தக அலமாரியை வைக்கலாம், ஓரளவு பயன்தரும்.

வீட்டறையில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று எண்ண வேண்டா. ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லையில் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்தே 1992இல் ‘ரோஜா’வின் இசை வெளிவந்தது.

ஒலியை முழுவதும் அடக்குவது நோக்கமன்று. எழுத்துகளுக்கு இடையே உள்ள மௌனத்தைக் காக்கும் அளவுக்கு விழுங்க வேண்டும். குரலின் உயிரைக் காக்கும் அளவுக்குச் சிதறடிக்க வேண்டும். மூன்றாம் பதிவை நண்பர் ஒரே மூச்சில் கேட்டு முடித்தார். “இப்போது ‘பாட்டு’ பாட்டாகவே கேட்கிறது. அடுத்த இயலை எப்போது படிக்கப் போகிறாய்?” என்றார். அன்று மாலையே படிக்கத் தொடங்கினேன்.