முதுகின் குனிவை அளந்தறிதல்

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிக் கமக்காரர் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் நெடுநேரம் குனிந்து வேலை செய்கின்றனர். நாட்பட்ட முதுகுநோவு ஒருவரைத் தொழிலினின்றே விலக்கிவிடக்கூடும். எவ்வேலை தீங்கானது என்பதை இன்று உணர்கருவியால் அறியலாம். கைத்தொலைபேசியினுள் புவியீர்ப்பின் திசையை உணர்ந்து சாய்வைக் காட்டும் சிறு கருவி உண்டு.

அளக்கும் முறை

1. சாய்வுமானியைத் திறந்து, தொலைபேசியை மற்றொருவர் உமது மேல்முதுகிற் பொருந்தப் பிடித்தல் வேண்டும்.

2. நிமிர்ந்து நிற்கையிலும், குனிந்து வேலை செய்கையிலும் காட்டும் பாகைகளைக் குறித்துக்கொள்க. இரண்டின் வித்தியாசமே குனிவாகும்.

3. குனிவு 20 பாகைக்குட்படின் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. 60 பாகையைத் தாண்டின் வேலைமுறையை மாற்றுதல் அவசியம்.

மாற்று வழிகள்

நாற்றுக்களைப் பரசூட் முறையில் நின்றபடியே எறிந்து நடலாம். வரிசையாக நட்ட வயலிற் சுழல் களைகருவியை உபயோகிக்கலாம். மண்வெட்டிப் பிடியை நீளமாக்குக. மரக்கறி நாற்றுக்களை இடுப்பளவு உயரமான மேடையில் வளர்க்கலாம். பின்னர் மீண்டும் அளந்து ஒப்பிடுக.

சாய்வுமானி பாரத்தை அளவாது. மிகச் சாதகமான நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ என அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் 1991 இல் வரையறுத்தது. ஆதலால் 50 கிலோ உரமூட்டையைத் தனியே தூக்கலாகாது, பிரித்தே சுமக்க.