நாற்பது தாண்டினால் லைசென்ஸுக்கு டாக்டர் கையெழுத்து

டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் புதுச்சேரியில் பலரும் முதலில் விசாரிப்பது, "மெடிக்கல் சர்ட்டிபிகேட் எங்கே சீக்கிரம் கிடைக்கும்?" என்றுதான். சோதனை எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று கேட்பவர் குறைவு. ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. அந்தத் தாளைக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிடலாம். மழை ராத்திரியில் ஈ.சி.ஆரில் எதிரே வரும் லாரி விளக்கு கண்ணைக் கூசும்போது அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. ஆகவே நிஜமாகவே சோதித்துக்கொண்டு சான்றிதழ் வாங்குவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு எந்தப் படிவம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு இருக்கின்றன. படிவம் 1 என்பது உடல் தகுதி பற்றி நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. படிவம் 1-ஏ டாக்டர் தரும் சான்றிதழ். பஸ், லாரி என்று வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்த வயதானாலும் 1-ஏ வேண்டும். சொந்த வண்டி மட்டும் ஓட்டுகிறவர், புதுப்பிக்கும்போது 40 வயது நிறைந்திருந்தால் அவருக்கும் வேண்டும். இது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பாரீஸில் இருக்கும் உறவினர், "எங்க ஊர்ல கார் லைசென்ஸுக்கு வயசானா டாக்டர்கிட்ட போகச் சொல்றதில்லையே" என்பார். அவர் சொல்வது சரிதான். பிரான்சில் லாரி, பஸ் போன்றவற்றை ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். இங்கே கணக்கு வேறு.

அடுத்தது வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை. டாக்டரிடம் போவதற்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால் அதற்கு நேரம் கிடைக்கும்.

படிவம் கேட்கும் முக்கியமான கேள்வி இது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம். வாகன நெரிசல் இல்லாத ஒரு தெருவில் காலை 9 மணிக்கு மேல் நின்றிருக்கும் காரிலிருந்து சாதாரண நடையில் 35 எட்டு தள்ளிப் போனால் ஏறக்குறைய 25 மீட்டர் வந்துவிடும். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படியுங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு வேறொரு காரைப் படியுங்கள். ஒரே காரை இரண்டு முறை பார்த்தால் இரண்டாவது தடவை மனப்பாடம்தான் படிக்கும். 'பி.ஒய். 01' என்பதும் கணக்கில் சேராது, அது நம் ஊரில் எல்லோருக்கும் பார்க்காமலே தெரியும். கடைசி நான்கு எண்ணைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டர் பிளேட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். கார் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர்; இருசக்கர வண்டியின் பின்பக்கப் பிளேட்டில் எழுத்து 35, எண் 40 தான். அதைப் படிக்க முடியவில்லை என்று வீணாகப் பயப்பட வேண்டாம்.

பிளேட் படித்துவிட்டால் கண் நன்றாயிருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. கண் நீர் அழுத்த நோயான குளுக்கோமா முதலில் தின்பது பக்கப் பார்வையை. நேரே இருப்பது கடைசி வரை தெளிவாகவே தெரியும். நெல்லித்தோப்பு சந்திலிருந்து திடீரென்று வெளிவரும் சைக்கிள்தான் தெரியாது. இரவில் எதிர்வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, விளக்கு கடந்த பிறகு சாலை தெரியச் சில நொடி பிடித்தாலோ கண்புரையாக இருக்கலாம். என்னைக் கேட்டால், 40 தாண்டியவர்கள் 1-ஏ படிவத்தைத் தொடுவதற்கு முன்பு ஒரு முழுக் கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது.

நிறக்குருடு உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியத் தடுமாறினாலே லைசென்ஸ் இல்லை என்ற நிலை 2020 ஜூனில் மாறியது. லேசான, நடுத்தரமான நிறக்குறைபாடு இருப்பவர்களுக்கு இப்போது லைசென்ஸ் உண்டு. தீவிரமாக இருந்தால் மட்டும் இல்லை. இந்திரா காந்தி சிலை சிக்னலில் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடத்தை வைத்தே பலர் காலமெல்லாம் ஓட்டிவிட்டார்கள். இனி அதை மறைக்க வேண்டியதில்லை.

காது: சாதாரண ஹார்ன் சத்தம் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டே டாக்டரிடம் போங்கள். கை, கால்: விரல் மடக்கம், தோள் அசைவு, முழங்கால் மடக்கம் ஆகியவற்றை டாக்டர் பார்க்க வேண்டும். ஊனம் இருந்தாலே கதவு மூடிவிடுவதில்லை. உடலுக்கு ஏற்ப மாற்றி அமைத்த வண்டிக்கு லைசென்ஸ் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

படிவம் 1-இன் முதல் கேள்வியில்தான் பலரும் பொய் எழுதுகிறார்கள். வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்பது கேள்வி. பிரிட்டனில் வலிப்பு வந்து ஓராண்டு வராமல் இருந்தால் கார் ஓட்ட அனுமதிப்பார்கள். நம் படிவத்தில் அப்படி ஒரு கால வரம்பே இல்லை. அது கடுமையான விதிதான், மாற வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் விதி கடுமை என்பதற்காக 'இல்லை' என்று எழுதிவிட்டால், பொய்த் தகவலால் வாங்கிய லைசென்ஸை 19ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம்.

சர்க்கரைக்கு என்று படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது. அதனால் அது கணக்கிலேயே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்து, சர்க்கரை கூடுவதைவிட இறங்குவதில் அதிகம். இன்சுலின் போட்டுக்கொண்டு, காலை இட்லியைத் தள்ளிப்போட்டுவிட்டு விழுப்புரம் கிளம்பினால், வழியில் வேர்த்துக் கொட்டி, கண் மங்கி, கை நடுங்கும். அதுவும் கடைசிக் கேள்வியான 'பொதுமக்களுக்கு ஆபத்தாகக்கூடிய வேறு நோய்' என்பதற்குள் வரும். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் முறை எளிது: கிளம்பும் முன் சோதித்து 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும், 72-க்குக் கீழே இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது, சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட் டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் தூக்கம் வரவழைப்பவை. கேட்டுத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

இனி டாக்டரிடம் போகலாம். பதிவு எண் உள்ள மருத்துவராக இருக்க வேண்டும். சமீபத்தில் எடுத்த போட்டோ, கண்ணாடி, நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். படிவத்தில் ஒட்டிய போட்டோவின் மேல் பாதியும் தாளில் பாதியுமாக டாக்டரின் கையெழுத்து விழ வேண்டும். பதிவு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது விட்டுப்போனால் மறுபடி அலைய நேரும், அங்கேயே பார்த்துவிடுங்கள். ரத்த வகைக் கட்டம் கட்டாயமில்லை, நிரப்பினால் நல்லது.

விண்ணப்பம் பரிவாகன் தளத்தின் 'சாரதி' பகுதியில். மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் படிவம் திறக்கும். சான்றிதழை ஏற்றிக் கட்டணம் கட்டுங்கள். நேரில் போக வேண்டியிருந்தால் முதலியார்பேட்டை நூறடிச் சாலையில் போக்குவரத்துத் துறை அலுவலகம் இருக்கிறது. மூலச் சான்றிதழைக் கொண்டுபோக மறக்காதீர்கள்.

எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? சொந்த வண்டி லைசென்ஸ் வாங்கும்போதோ புதுப்பிக்கும்போதோ 30 முதல் 50 வயதுக்குள் இருந்தால் 10 ஆண்டு, 50 முதல் 55-க்குள் இருந்தால் 60 வயது வரை, அதற்கு மேல் 5 ஆண்டு. வாடகை வண்டிக்கு 5 ஆண்டு. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முன்பு காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. இப்போது காலாவதிக்கு மறுநாள் வண்டி எடுத்தாலே லைசென்ஸ் இல்லாத கணக்குத்தான். ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். லைசென்ஸ் அட்டையை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.