உம்மும்மாவின் மோதிரமும் கடைக்காரரின் அமானத்தும்

பழைய மோதிரம் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, "மகனுக்கு நிச்சயதார்த்தம், இதைப் புது மொடலில் செய்து தாருங்கள் ஹாஜியார்" என்று கேட்போர் இப்போது அதிகம். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, ஒரு பவுணின் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. அதன் பின்னர் அலுமாரியில் கிடந்த உம்மும்மாவின் மோதிரத்துக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. பெரிய இடங்களிலும் இது நடந்ததுதான். பிரித்தானிய இளவரசர் வில்லியம் 2010இல் தனது நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்தது, தாய் டயானாவின் 12 கரட் நீலக்கல் மோதிரம். அது நமது இலங்கை மண்ணின் கல் என்று சொல்லப்படுவதால், "டயானா மோதிரம் மாதிரி" என்று கேட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த வேலையைச் சில சகோதரர்கள் சாதாரண நகை விற்பனை போலவே நடத்துகிறார்கள். பழைய மோதிரத்தை நிறுத்து, புதியதை நிறுத்து, வித்தியாசத்துக்கும் செய்கூலிக்கும் காசு வாங்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனது பார்வையில் இது விற்பனையே அல்ல. அடுத்தவரின் பொருளை அமானத்தாக வாங்கி, அதில் கூலிக்கு வேலை செய்து, அந்தப் பொருளையே திருப்பிக் கொடுப்பது. ஃபிக்ஹின் மொழியில் இஜாரா. இந்த வித்தியாசத்தை மனதில் வைக்காவிட்டால் ஒருபக்கம் வட்டியில் விழுவோம், மறுபக்கம் வாடிக்கையாளரை இழப்போம்.

முதலில் வட்டி. தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடைக்கு எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது உபாதா இப்னு ஸாமித் (ரழி) அறிவிக்கும் பிரபலமான ஹதீஸின் கருத்து. பழைய 6 கிராமைக் கொடுத்து, புதிய 6 கிராமை எடுத்து, மேலதிகமாகச் செய்கூலி கொடுப்பது இந்த நிபந்தனையை மீறுகிறது. வேலைப்பாடு அந்த மேலதிகத்தை நியாயப்படுத்தாது என்பதே பெரும்பாலான இமாம்களின் நிலைப்பாடு. இப்னு தைமிய்யா, இப்னுல் கையிம் ஆகியோர் நகையின் வேலைப்பாட்டை வேறுவிதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் நமது நாட்டில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹப் அதை ஏற்கவில்லை. கல்லோடு சேர்த்து நிறுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கைபரில் பழாலா இப்னு உபைத் (ரழி) 12 தீனாருக்குத் தங்கமும் மணிகளும் சேர்ந்த ஒரு மாலையை வாங்கி, பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கமே 12 தீனாரை விட அதிகமாக இருந்தது. பிரிக்காமல் விற்கக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தரம் குறைந்த பேரீச்சம்பழம் இரண்டு மரக்காலைக் கொடுத்து நல்லது ஒரு மரக்கால் வாங்கியவரிடம், முதலில் உள்ளதைக் காசுக்கு விற்று, அந்தக் காசால் நல்லதை வாங்கும்படி நபியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதேபோல் பழைய தங்கத்துக்குரிய காசை வாடிக்கையாளரின் கையில் எண்ணிக் கொடுங்கள். பிறகு அவர் விரும்பினால் உங்களிடம் வாங்கட்டும், விரும்பாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகட்டும். மோதிரத்துக்குத் தங்கம் போதாமல் நீங்கள் ஒன்றிரண்டு கிராம் சேர்ப்பதானாலும் அது தனி விற்பனை, அதற்கான காசை அந்த இடத்திலேயே வாங்கிவிட வேண்டும். கடதாசி நாணயத்துக்கும் தங்கம், வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஆகவே "சேர்த்த தங்கத்துக்கு அடுத்த மாதம் தாருங்கள்" என்பது சரிவராது. கூலியைக் கடனாக விட்டால் தடையில்லை.

இனி எடைக் கணக்கு. அண்மையில் என்னிடம் வந்த ஒரு மோதிரத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லோடு 7.40 கிராம். கல்லைக் கழற்றி நிறுத்தால் 4.10 கரட். ஒரு கரட் 0.2 கிராம் என்பதால் கல் 0.82 கிராம், பொன் 6.58 கிராம். 22 கரட் என்று கொண்டுவந்தார்கள். பரிசோதித்தால் 20 கரட். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, அந்தக் காலத்தில் பற்றாசு தாராளமாக வைத்து ஒட்டுவார்கள். ஆக, அதில் இருக்கும் சுத்தத் தங்கம் 5.48 கிராம்.

கல்லைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய கால்களுக்கு 22 கரட் மிருதுவானது, 18 கரட் உறுதி. அந்த 5.48 கிராமை 18 கரட்டாக்கினால் செம்பும் வெள்ளியும் சேர்ந்து 7.31 கிராம் வரும். எடை 0.73 கிராம் கூடிவிட்டது, ஆனால் தங்கம் ஓர் அணுவும் கூடவில்லை. இந்த 0.73 கிராமுக்குத் தங்க விலை போட்டு பற்றுச்சீட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். செம்பைத் தங்க விலைக்கு விற்பதற்கு வேறு பெயர் கிடையாது. புதிய மோதிரம் 5 கிராமில் முடிந்தது. அதில் சுத்தத் தங்கம் 3.75 கிராம். மீதி 1.73 கிராம், 18 கரட்டாகச் சொன்னால் 2.31 கிராம், வாடிக்கையாளருடையது. சேதாரமும் அப்படித்தான். விற்பனை நகையில் சேதாரம் போடுவது வேறு விடயம். அடுத்தவரின் தங்கத்தில் வேலை செய்யும்போது அரப்பொடி அவருடையது. உண்மையில் இழந்ததை மாத்திரம் நிறுத்துக் காட்டிக் கழியுங்கள். கூலி குறைவென்றால் கூலியைக் கூட்டிக் கேளுங்கள், பொடியில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. வார்ப்படத்துக்குக் கொடுக்கும்போது பத்துப் பேரின் தங்கம் ஒன்றாக உருகும். எடை சரியாக வரும், ஆனால் வருவது உம்மும்மாவின் பொன் அல்ல. அந்தப் பெண்பிள்ளையின் விரலில் ஏற வேண்டியது அந்தப் பொன்தான் என்பதற்காகவே இந்தக் குடும்பம் வந்திருக்கிறது. தனியாக உருக்கிக் கையால் செய்ய முடியுமா என்று பட்டறையில் கேட்டு, முடியாதென்றால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல நேரம் வளையத்தை உருக்காமலே விட்டு, கல் கட்டும் தலைப்பகுதியை மாத்திரம் மாற்றினால் போதும். கூலியும் குறையும்.

தங்கத்தில் வரும் சண்டையைத் தராசு தீர்க்கும். கல்லில் வந்தால் தீராது. 1902இல் பிரெஞ்சு விஞ்ஞானி வேர்னொய் செயற்கைச் சிவப்புக்கல் செய்யும் முறையை அறிவித்தார், 1911 அளவில் செயற்கை நீலக்கல்லும் சந்தைக்கு வந்துவிட்டது. எனவே 80 வருடப் பழைய மோதிரத்தில் செயற்கைக் கல் இருப்பது அதிசயமல்ல. ஆனால் அதை நீங்கள் மோதிரத்தை வாங்கி வைத்த இரண்டாம் நாள் சொன்னால், மாற்றிவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக "சிலோன் நீலம்" என்று பேசப்பட்ட கல் அது. வாடிக்கையாளர் கதிரையில் இருக்கும்போதே லூப் வைத்துப் பாருங்கள். வளைந்த கோடுகள் தெரிகின்றனவா, ஓரத்தில் உடைவு உண்டா, மேசைப் பகுதியில் கீறல் உண்டா என்று அவருக்கும் காட்டி, பற்றுச்சீட்டில் சிறு படமாக வரைந்து கையொப்பம் வாங்குங்கள். சந்தேகம் என்றால், 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்துக்கு அவரே கொண்டுபோகட்டும்.

பழைய மோதிரங்களில் பின்புறம் மூடிய கட்டும், கல்லுக்கு அடியில் நிறத்தாளும் இருப்பதுண்டு. திறந்த கட்டுக்கு மாற்றினால் தாள் போய் நிறம் வெளிறும். இதையும் முன்னரே சொல்ல வேண்டும். மறுபுறம், கல் நல்லதாகவும் இருக்கலாம். கெவுடாக் கல்லை உயர் வெப்பத்தில் சுட்டு நீலமாக்கும் தொழில் பரவியது 1970களில்தான். அதற்கு முன் கட்டிய நீலக்கல் அப்படிச் சுடப்படாததாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன் மதிப்பும் அதிகம். அடிப்பகுதி கனமாக, கோணலாக வெட்டியிருக்கிறதே என்று மறுபட்டை தீட்டச் சொல்வதற்கு முன் பத்துத் தரம் யோசிக்க வேண்டும், குறையும் எடை திரும்பாது. வெங்காரம் பட்ட நீலக்கல் தீயில் மேற்பரப்பு அரிக்கப்படும். ஆகவே கல்லைக் கழற்றாமல் பற்றவைக்கும் தட்டாரிடம் வேலை கொடுக்காதீர்கள். அஜாக்கிரதை இல்லாமல் நேர்ந்த சேதத்துக்குத் தொழிலாளி பொறுப்பல்ல என்பது ஷாபிஈ மத்ஹபின் பலமான கருத்துத்தான். கல்லோடு நெருப்பில் வைத்துவிட்டு அதைச் சொல்லித் தப்ப முடியாது.

இவ்வளவுக்கும் முன் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் நான் கேட்பேன்: இந்த மோதிரம் யாருடையது? உம்மும்மா உயிரோடு இருக்கும்போதே பேரனின் கையில் கொடுத்திருந்தால் ஹிபா, பிரச்சினையில்லை. மௌத்தான பின் பங்கு பிரிக்காமல் ஒரு மகளின் அலுமாரியில் இருந்தது என்றால் அதில் எல்லா வாரிசுகளுக்கும் பங்குண்டு. "மூத்த பேரனுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்" என்பது மாத்திரம் போதாது, அதை உலமாக்களிடம் விளங்கிக்கொள்ளட்டும். உருக்கிவிட்ட பின் சாச்சியோ மாமாவோ கடை வாசலுக்கு வந்தால் பழைய மோதிரத்தை நம்மால் திரும்பச் செய்துகொடுக்க முடியாது.

நான் சொன்ன குடும்பம், மீதித் தங்கத்தில் மாப்பிள்ளைக்கும் ஒரு மெல்லிய மோதிரம் செய்யச் சொன்னது. வெள்ளைத் தங்கமும் தங்கம்தான், ஆண்களுக்கு ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு வெள்ளியில் செய்தோம், மீதியைச் சிறு கட்டியாக உருக்கிக் கொடுத்தேன். பெண்பிள்ளையின் மோதிரத்தில் வளையத்தின் கீழ்ப்பாதியில் சிறு கற்கள் வைக்காமல் வெறும் பொன்னாக விடச் சொன்னதும் நான்தான். விரல் பருத்தால் வெட்டிப் பெருப்பிக்க அந்த இடம் வேண்டும்.